ஜெர்மன் கிடார்

விளாங்குடிக் கல்யாண மண்டபத்து வாசலுக்கு நாலு பேர் தள்ளிக்கொண்டுவந்த பழைய இங்கிலாந்துக் காரின்மேல் சாய்ந்து நிற்கிறார் மெல்லிசைக் குழு முதலாளி விஸ்வேஸ்வரன். "நாற்பத்தெட்டு மாடல் சார், வெண்ணெயாட்டம் ஓடும்" என்கிறார். கல்யாண வீட்டுக்காரரான பேராசிரியர் வெங்கட்ரமணன் பக்தியோடு மட்கார்டைத் தடவி, விரலில் வந்த துருவை வேட்டியில் துடைத்துக்கொள்கிறார். அடுத்து, பெட்டியிலிருந்து ஜெர்மன் பேஸ் கிடார் எழுந்தருள்கிறது. சாயங்கால வெயிலில் அதன் வார்னிஷ் தேனாக மின்னுகிறது. "இந்தக் கனமான சத்தம் மதுரையில வேற எவன்கிட்டயும் கிடையாது" என்கிறார் விஸ்வேஸ்வரன். அவருக்கு அதில் ஒரு தந்தியும் வாசிக்க வராது என்பது குழுவுக்கு மட்டும் தெரியும். மேடையில் ஒயர் சொருகாமல் விரலை ஆட்டுவார். திரைக்குப் பின்னால் நல்லகாமன் தன் உள்ளூர்க் கிடாரில் வாசிப்பான்.

இன்று எழுமலையிலிருந்து அவன் புது மனைவி மாயக்காள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். "அண்ணே, இன்னைக்கு மட்டும் நான் முன்னால நின்னுக்கிறேனே? வீட்ல வந்திருக்கு" என்கிறான் அவன்.

"போட்டோ எடுப்பாங்கடா. உன் சட்டைக்கு என் கிடார் ஒத்து வருமா?"

கச்சேரி தொடங்குகிறது. விஸ்வேஸ்வரன் கண்மூடி உருகுகிறார். 'தும்தும்முன்னு அடியில கேக்குறது நான்தான்' என்று நல்லகாமன் சொல்லியிருந்த சத்தத்தை மாயக்காள் கண்டுபிடித்துவிடுகிறாள். பக்கத்து அம்மாளின் கையைத் தொட்டு, "இந்தத் தும்தும் வாசிக்கிறது எங்க வீட்டுக்காரரு" என்கிறாள். அந்த அம்மாள் மேடையில் கிடாரோடு நிற்கும் விஸ்வேஸ்வரனைப் பார்க்கிறாள், மாயக்காளின் மஞ்சள் கயிற்றைப் பார்க்கிறாள். பிறகு குரலைத் தாழ்த்துகிறாள்: "வாய மூடு ஆத்தா. அவரு சம்சாரம் அந்தா உக்காந்திருக்கு."