பேனா நண்பர் பக்கம்

எண்பதுகளின் இளைஞர் உடைகளைப் பற்றிய கம்பஸ் படிப்புக் கட்டுரைக்குப் பழைய சஞ்சிகைகள் தேடி, அப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்தாள் கிருஷாந்தி. ஒரு சஞ்சிகையின் பேனா நண்பர் பக்கத்தில், பஃப் கை வைத்த சட்டையும் அகல பெல்ட்டுமாக அம்மாவின் படம். 'பவளராணி, வயது 17, ருவான்வெல்லை.'

"அம்மா! ரப்பர் தோட்டத்துல இந்த ஸ்டைலா?"

"இந்த மாதிரிப் பொஸ்தகங்களப் பார்த்து, பழைய பாவாடைய வெட்டி நானே தச்சது." பவளராணியின் முகம் மலர்ந்தது. "அப்பா இத இன்னும் வச்சிருக்காரா?"

"எத்தன கடிதம் வந்துச்சு?"

"ஒன்னுகூட வரல. லயத்துப் புள்ளைக்கு யாரு எழுதுவா? அதுக்குப் பொறகு அந்தச் சட்டைய நான் போடவே இல்ல. அடுத்த வருஷம் உங்கப்பா பொண்ணு கேட்டாரு. நம்மளையும் ஒருத்தருக்குப் புடிச்சிருக்கேன்னு உடனே தலையாட்டிட்டேன்."

சஞ்சிகைக்கு அடியில் சணல் கயிற்றால் கட்டிய கட்டு ஒன்று இருந்தது. கிருஷாந்தி அவிழ்த்தாள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, பதுளை என்று முப்பதுக்கும் மேற்பட்ட கடிதங்கள். எல்லாவற்றிலும் அம்மாவின் பெயர். எல்லாம் பிரிக்கப்பட்டிருந்தன.

தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குத் தபால்காரர் வருவதில்லை. கடிதங்கள் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். பெயர் கூப்பிட்டுக் கொடுப்பது கிளாக்கர். அன்றைய கிளாக்கர், அப்பா.

வாசலிலிருந்து அவர் குரல் வந்தது. "ராணி, தேத்தண்ணி என்னாச்சு?"

பவளராணி கடைசி உறையையும் திருப்பிப் பார்த்தாள்.

"கொஞ்சம் இருங்க," என்றாள். "முப்பத்தெட்டு வருஷத்துத் தபால் இன்னைக்குத்தான் கைக்கு வந்திருக்கு. படிச்சிட்டு வர்றேன்."