குச்சி பிடித்தது

ஒன்பது மக்னோலியாக் குச்சிகளை நட்டு இன்றோடு அறுபத்து மூன்று நாட்கள்.

நட்டது அண்ணி. நான் பால்கனிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்கு மண் ஆகாது.

தாய்ச்செடி கீழே கேட்டை ஒட்டி நிற்கிறது. ஆளுயரப் புதர், வீட்டுக்காரருடையது. பூத்திருக்கும் நாட்களில் அண்ணி அதை முகர்ந்து பார்க்காமல் கேட்டைத் தாண்டியதில்லை. அடுத்த வாரம் அண்ணன் வேறு ஊரில் வேலைக்குச் சேர்கிறான். அண்ணியும் போகிறார். போகும்போது அவர் கையில் வேர்விட்ட கன்று ஒன்றாவது இருக்கவேண்டும்.

நன்றி என்ற சொல் எனக்கு வாயில் வருவதில்லை. பலமுறை முயன்றுவிட்டேன். தொண்டைவரை வந்து திரும்பிப் போய்விடும்.

ஒரு செடி கொடுத்துவிட்டால் சொல்லவேண்டியதில்லை என்று நினைத்தேன். கடைசியில் அந்தப் பரிசுக்கும் அவரே பாடுபடும்படி ஆயிற்று.

முதல் நாள், கத்தரியோடு கீழே நின்று, வெட்ட மனமில்லாமல் கிளையைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் மேலிருந்து எட்டிப் பார்த்தேன்.

"வெட்டுங்க அண்ணி. ஒரு கிளை போனா செடிக்கு ஒண்ணும் ஆகாது."

"அதை நீ எனக்குச் சொல்றியா?" என்று சிரித்தார். வெட்டினார்.

பென்சில் நீளத்துக்கு ஒன்பது குச்சிகள். கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டு. அடி இலைகளைக் கிள்ளியாயிற்று. நுனி இலைகளைப் பாதியாக நறுக்கியாயிற்று. அடிப்பட்டையை ஒரு பக்கம் லேசாகச் சீவி, வேர்விடத் தூண்டும் பொடியில் தொட்டு, மணலும் நார்த்தூளும் கலந்த தொட்டியில் ஊன்றினார். ஒவ்வொன்றின் மேலும் அடிப்பாகம் வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்தார்.

எழுந்தபோது இடது விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு ஒரு கணம் நின்றார். அந்தக் கை அங்கே போகும்போதெல்லாம் நான் வேறெங்காவது பார்ப்பேன்.

நான் தாவரவியல் படித்தவள். புத்தகத்தில் எந்தக் குச்சியும் அழுகியதில்லை. தொட்டியில் நான்கு வாரத்துக்குள் ஐந்து கறுத்துப்போயின.

மீதியில் மூன்று போனது அண்ணியின் கைங்கரியம். தினமும் காலையில் பாட்டிலைத் தூக்கி, "புடிச்சிருக்கா?" என்று கேட்டபடி குச்சியை இழுத்துப் பார்த்திருக்கிறார். மூன்றாவது குச்சி கையோடு வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அதன் அடியில் நூல்போல் ஒரு வேர் ஒடிந்து தொங்கியது.

"வந்துக்கிட்டு இருந்திருக்கு அண்ணி. நீங்கதான் இழுத்துட்டீங்க."

"பொண்ணு பார்க்கப் போனா கூட உடனே கேக்குறாங்க, புடிச்சிருக்கான்னு. இது அறுபது நாள் ஆக்கும்னு யார் கண்டா, விஞ்ஞானி?"

அதற்குப் பிறகு அவர் இழுக்கவில்லை. மிச்சமிருந்தது ஒன்று.

பக்கத்துப் பால்கனி அம்மா போன மாதம் குடிவந்தவர். துணி உலர்த்த வரும்போதெல்லாம் எங்களைப் பார்ப்பார். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்.

"ஏம்மா, நீ கதவுகிட்ட நின்னு அதிகாரம் பண்றே, அவங்க குனிஞ்சு நிமிர்ந்து எல்லாம் செய்றாங்க. மண்ணு வாசம்கூட ஆகாதுன்னு முகமூடி வேற."

"நாத்தனார் கொடுமைங்க," என்றார் அண்ணி, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அந்த அம்மா நம்பிவிட்டார். அதன்பின் என்னைப் பார்த்தால் துணியை ஓங்கி உதறுவார். நான் உள்ளே போய்விடுவேன். தெரியாதவர்களிடம் பேச எனக்கு வராது.

இன்று காலை ஒற்றைக் குச்சியின் நுனியில் பச்சையாக ஒரு துளிர்.

அண்ணி துள்ளினார். துளிரை நம்பக்கூடாது என்றேன். தனக்குள் மிச்சமிருக்கும் சத்தைக்கொண்டே குச்சி துளிர்த்துவிடும். வேர் இல்லையென்றால் பத்து நாளில் வாடிவிடும். உண்மை மண்ணுக்குள்தான் இருக்கிறது.

"அப்ப எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"இன்னிக்கு மட்டும் இழுத்துப் பாருங்க. ஒரே வாட்டி. மெதுவா."

புடவையில் கையைத் துடைத்துக்கொண்டார். இரண்டு விரலால் பிடித்தார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

குச்சி வரவில்லை.

இன்னும் கொஞ்சம் இழுத்தார். குச்சியைச் சுற்றியிருந்த மணல் ஒரு நூலளவு எழும்பியது. மண்ணுக்குள் ஏதோ ஒன்று விட மறுத்தது.

"புடிச்சிருச்சு," என்றார் அண்ணி.

இந்தச் சொல்லை இப்படி அவர் வாயிலிருந்து கேட்பது இது இரண்டாம் முறை. முதல் முறை அவரும் படுத்திருந்தார், நானும் படுத்திருந்தேன்.

என் முகமூடி நனைந்துவிட்டது. அண்ணி மண் கையோடு கண்ணைத் துடைத்து, நெற்றியெல்லாம் மணலாக்கிக்கொண்டார்.

பக்கத்துப் பால்கனியில் துணி உதறும் சத்தம் நின்றது.

"என்னம்மா புடிச்சுது, ரெண்டு பேரும் இப்படி அழுவுற அளவுக்கு?"

அண்ணி எனக்காகப் பதில் சொல்ல வாயெடுத்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"குச்சிங்க," என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை. கதவை முழுக்கத் திறந்தேன்.

"குச்சி புடிச்சிருச்சுங்க. அதுக்கு முன்னாடி, எங்க அண்ணி எனக்குக் குடுத்த கிட்னி."