ஆட்டம் நிற்க எத்தனை நொடி

கடைக்காரர் ஃபிங்க் தொலைநோக்கிக் குழாயை விரலால் ஒரு தட்டு தட்டினார். "எண்ணுங்கம்மா. ஆட்டம் நிக்கிற வரைக்கும் எண்ணுங்க."

கெர்டா ஒற்றைக் கண்ணால் பார்த்தபடி எண்ணினாள். ஆறு, ஏழு, எட்டு. தேவாலயக் கோபுரம் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

கடையின் மொட்டைமாடியில் தொலைநோக்கி வைக்கும் இரண்டு தாங்கிகள் விற்பனைக்கு இருந்தன. ஒன்று மூன்று கால் வைத்த அலுமினியத் தாங்கி. ஒரே ஆள் தூக்கிவிடலாம். மற்றது தரையோடு போல்ட் போட்டு இறுக்கிய இரும்புத் தூண். அவளுடைய தொலைநோக்கி அவளைவிட நீளம், பதினெட்டு கிலோ. மூடிப்போன ஒரு பள்ளிக்கூடத்தில் வாங்கியது. நல்ல தாங்கி இல்லாமல் மூன்று வருடமாகக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

கோபுரத்தைப் பார்க்கச் சொன்னவர் ஃபிங்க்தான். அரைக் கிலோமீட்டர் தூரம், சோதித்துப் பார்க்கத் தோதானது.

அதன் உச்சியில் ஏணியில் நின்று கூரையின் கல் ஓடுகளை மாற்றிக்கொண்டிருப்பவன் அவள் புருஷன் லோத்தர் என்பது அவருக்குத் தெரியாது.

வானம் பார்க்கிற தொலைநோக்கி எதையும் தலைகீழாகத்தான் காட்டும். கோபுரம் கீழ்நோக்கித் தொங்கியது. அதில் லோத்தர் வௌவால் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தான்.

அவன் அசைகிறானா, குழாய் அசைகிறதா என்று சொல்ல முடியவில்லை.

முப்பத்தொரு வருடமாகக் கூரை வேலை. போன வசந்தத்தில் அவனுடைய கூட்டாளி எவால்ட் கண்ணெதிரிலேயே விழுந்து செத்தான். அடக்கம் முடிந்த மறுநாளே லோத்தர் வேலைக்குப் போனான். பழகின வேலைதானே என்றான். முன்பு போலவே கேலி பேசினான். காலையில் பூட்ஸ் கயிறு கட்டத்தான் ரொம்ப நேரம் பிடித்தது.

"அந்த இரும்புல வச்சுப் பாக்கலாம்" என்றாள் கெர்டா.

இருவருமாகக் குழாயைத் தூக்கி வைத்து இறுக்கினார்கள். அவள் மறுபடி கோபுரத்தைத் தேடிப் பிடித்தாள். ஃபிங்க் தட்டினார்.

ஒன்று. இரண்டு எண்ணுவதற்குள் ஆட்டம் நின்றுவிட்டது.

குழாய் ஆடவில்லை. கோபுரம் ஆடவில்லை. லோத்தரின் முழங்கால்கள் ஆடிக்கொண்டே இருந்தன.

வலது கையை ஏணிப் படிக்குள் வளைத்துக் கோத்திருந்தான். நெற்றியைக் கல்லோட்டில் அழுத்தியிருந்தான். பக்கத்தில் வேறு ஆள் யாரும் இல்லை.

"பாத்தீங்களா? மலை மாதிரி நிக்குது" என்றார் ஃபிங்க்.

கெர்டாவின் கை தானாகப் போனை எடுத்தது. எடுத்த கை அப்படியே நின்றது. மணி அடித்தால் அவன் ஒரு கையை விட வேண்டியிருக்கும்.

அப்போது அவள் கையிலிருந்த போன் அடித்தது.

தொலைநோக்கி வட்டத்துக்குள் லோத்தரின் இடது கை காதில் இருந்தது.

"என்ன கெர்டி, ஸ்டாண்டு வாங்கியாச்சா?" அதே கேலிக் குரல்.

"இல்ல. பாத்துக்கிட்டு இருக்கேன்."

"பெரிசா சின்னதா? பெரிசை வாங்கு, தூக்கிச் சுமக்கத்தான் இந்தக் கிழவன் இருக்கேனே."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. காதில் கேட்ட குரலும் கண்ணில் தெரிந்த முழங்காலும் ஒரே ஆளுடையதாகத் தோன்றவில்லை.

"இப்ப எதுல வச்சிருக்கே?"

"பெரிசுல."

"ஆடாம நிக்குதா?"

"நிக்குது."

பிறகு வந்த குரலில் கேலி இல்லை.

"நீ மாடியில அந்த வெள்ளைக் குழாயை என் பக்கமாத் திருப்பினதை அப்பவே பாத்தேன். ஒண்ணு பாத்துச் சொல்லு. என் கொக்கி மாட்டியிருக்கா? என்னால குனிய முடியல கெர்டி."

அவள் பார்த்தாள். இடுப்புப் பட்டையிலிருந்து போன கயிற்றின் நுனியில் கொக்கி எதிலும் மாட்டாமல் தொங்கியது. வட்டத்தில் அது வலப்பக்கம், இடுப்புக்கு மேலே தெரிந்தது. அப்படியானால் இடப்பக்கம், கீழே. மனதுக்குள் ஒரு முறை திருப்பிப் பார்த்தாள். நம்பிக்கை வராமல் இன்னொரு முறை திருப்பினாள். மாற்றிச் சொல்லிவிட்டால் அவன் கோத்திருக்கும் கையை எடுத்துவிடுவான்.

"மாட்டல" என்றாள். "இடது பக்கம். முழங்காலுக்குக் கொஞ்சம் மேல தொங்குது. போனை ஸ்பீக்கர்ல போட்டுச் சட்டைப் பையில வை. அந்தக் கையாலயே எடு. வலது கையை அசைக்காதே."

ஃபிங்க் இன்னொரு முறை தட்டிக் காட்ட விரலை நீட்டினார்.

"தொடாதீங்க!"

அவர் விரல் அந்தரத்தில் நின்றது. அவள் முகத்தைப் பார்த்தார். கோபுரத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இன்னும் கீழ" என்று கெர்டா போனில் கத்தினாள். "இன்னும். விரல்ல பட்டுச்சு பாரு, அதுதான். பிடி. இப்ப நேரா உன் நெஞ்சுக்கு முன்னால கொண்டு வா. அங்கதான் காப்புக் கயித்துல நகர்ற வளையம் இருக்கு."

கொக்கி வளையத்தில் உரசி நழுவியது. மறுபடி வந்தது. இந்த முறை உள்ளே போனது.

"மாட்டிட்டே லோத்தர். நான் பாத்துட்டேன். மாட்டியிருக்கு."

போனில் ஒரு நீண்ட மூச்சு கேட்டது. பிறகு வட்டத்துக்குள் ஒரு பூட்ஸ் கால் அடுத்த படியைத் தடவித் தேடியது.

தலைகீழ் வட்டத்துக்குள் அவன் ஏறத் தொடங்கினான். ஒரு படி. நின்று இன்னொரு படி. அவள் இமைக்காமல் பார்த்தாள். மேலே, இன்னும் மேலே, சாரத்துப் பலகை தெரிந்த இடம்வரை ஏறி, அதன்மேல் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

உண்மையில் அவன் இறங்கிவிட்டான்.