ஜன்னல் இல்லாத அறை

கண்ணாடி உடையும் சத்தம் கேட்டால் அலாரம் அடிக்கும் கருவியைக் கூடத்துச் சுவரில் மாட்டிவிட்டு, சோதனைப் பொத்தானை அழுத்தினார் மெக்கானிக். கண்ணாடி உடைவதுபோல் சலீரென்று ஒரு சத்தம்.

பாவம், அந்த வீட்டுப் பெண் தலையைக் கைகளால் மறைத்துக்கொண்டு மூலையில் ஒண்டினாள்.

"வெறும் சத்தம்தான்கா. திருடன் பயமா?"

"ஆமா தம்பி. சமையலறையிலயும் ஒண்ணு மாட்டுங்க."

"அங்க ஜன்னலே இல்லையே! திருடன் என்ன, குழாய் வழியாவா வருவான்?"

அவள் சிரிக்கவில்லை. "கண்ணாடித் தம்ளரைச் சுவத்துல விட்டெறிஞ்சாலும் அடிக்குமா?"

"நல்லாவே அடிக்கும்."

"எங்கண்ணன் போனுக்கும் தகவல் போகுமா?"

"அந்த நிமிஷமே போயிடும்."

வாசல் பூட்டில் சாவி திரும்பியது. அவள் முகம் வெளிறியது.

"யாரு அக்கா அது?"

"எங்க வீட்டுக்காரர்." குரல் கிசுகிசுப்பாகத் தேய்ந்தது. "கேட்டா, திருடனுக்குன்னே சொல்லிடுங்க தம்பி."