நேவியஸின் கோதுமைப் பை

“மூட்டைய எறக்குங்கடா!” என்றார் நூற்றுவர் தலைவர் பெட்டிலியஸ்.

பேர்தான் நூற்றுவர்; இருந்த எண்பது பேரின் தோளிலிருந்தும் கவைக்கோல்கள் இறங்கின. அவற்றில் கட்டியிருந்த போர்வைச் சுருளும் வெண்கலச் சட்டியும் மண்வெட்டியும் மூன்று நாள் கோதுமையும் ஆற்றங்கரைப் புல்லில் கலகலவென்று விழுந்தன. தலைவரின் மூட்டை மட்டும் கோவேறு கழுதை மேலேயே இருந்தது. அதை யார் கேட்பது?

ஆற்றைக் கடந்தால் கோட்டை. இரண்டு வருஷச் சண்டை முடிந்து திரும்பும் கூட்டம். சிரிக்காத முகமே இல்லை.

நேவியஸ் மட்டும் தன் பையைக் காலுக்குப் பின்னால் தள்ளினான்.

அவனுடைய கோதுமைப் பைக்குள் ஒரு ஜோடி செருப்பு இருந்தது. உள்ளங்கை நீளம்தான். கூடாரம் ஒட்டுப்போட்டதில் மிஞ்சிய தோலை வெட்டி, அவனே தைத்து, அடியில் இரும்பு ஆணி அடித்தது.

கோட்டைக்கு வெளியே, குடிசையில் அவனுடைய ப்ரிக்கா பெற்ற மகளை அவன் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. இப்போது ஓடுகிறாளாம். படைவீரனுக்குக் கல்யாணமே கூடாது என்கிறது சட்டம். அப்புறம் மகள் எங்கிருந்து வந்தாள்?

ஆற்றைக் கடக்குமுன் மூட்டைச் சோதனை. படைப் பட்டியலில் இல்லாத சுமை எதுவானாலும் ஆற்றுக்குத்தான். பெட்டிலியஸ் தயவுதாட்சண்யம் பார்க்கிறவர் இல்லை. வரிசையில் முன்னால் நின்ற சூரா திருடிக்கொண்டு வந்த வாத்தைத் தூக்கி எறிந்தார். அது பாட்டுக்குச் சந்தோஷமாக நீந்திப் போயிற்று.

அடுத்தது நேவியஸ். தலைவரின் கை கோதுமைக்குள் முழங்கை வரை போனது. செருப்போடு வெளியே வந்தது.

“என்னடா இது?”

“மாத்துச் செருப்புங்கய்யா. பட்டியல்ல இருக்குதுங்க.”

“யாருக்கு?”

“எனக்குத்தாங்க. மழையில நனைஞ்சு சுருங்கிப்போச்சு.”

பின்னால் யாரோ அடக்கமாட்டாமல் மூக்கு வழியாகச் சிரித்துவிட்டான். சனியனே, கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா!

பெட்டிலியஸ் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு ஆணியையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு ஆற்றைப் பார்த்தார்.



அவர் குனிந்தார். செருப்பைக் கோதுமைக்குள் ஆழமாகப் புதைத்தார். பையின் வாயைத் தானே இழுத்து இறுக்கிக் கட்டினார்.

“பாழாப்போன மழைடா,” என்றார், நேவியஸுக்கு மட்டும் கேட்கும்படி. “எனக்கு ரெண்டு ஜோடி சுருங்கிப்போச்சு.”