சீட்டைப் பார்க்கும் நேரம்

சீட்டு வந்து விழுந்தது. அவள் தொடவில்லை.

கவிழ்ந்து கிடந்த இரண்டு சீட்டின் மேலும் ஒரு பந்தயச் சில்லை வைத்துவிட்டுக் கைகளை மடியில் போட்டுக்கொண்டாள்.

தன் முறை வரும்வரை சீட்டைப் பார்ப்பதில்லை. வாழ்க்கையில் அவள் விடாமல் கடைப்பிடித்த ஒரே ஒழுக்கம் அதுதான். மற்றவர்கள் சீட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்க்கிற அந்த நொடியில் முகம் உண்மையைச் சொல்லிவிடும். அந்த நேரம் பார்த்து நாமும் குனிந்துகொண்டால் நஷ்டம் நமக்கு. சீட்டு எங்கே ஓடிவிடப் போகிறது?

மேஜையில் அவளைத் தவிர மூன்று பேர்.

தொப்பிக்காரர் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். தாடிக்காரர் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். இரண்டு பேரும் இந்த ஆட்டம் வேண்டாமென்று ஒருவர் பின் ஒருவராகச் சீட்டை வீசினார்கள்.

மூன்றாவது ஆள் சம்பத். அவள் கணவன்.

திங்கட்கிழமை வரைக்கும்.

திங்கட்கிழமை கோயம்புத்தூர் குடும்ப நீதிமன்றத்தில் கடைசிக் கையெழுத்து. இரண்டு பேருக்கும் சம்மதம். சண்டையெல்லாம் போட்டு ஓய்ந்தாயிற்று. இந்தப் போக்கர் சீட்டாட்டப் போட்டிக்கு மட்டும், ஒரே வீட்டில் இருந்த காலத்தில் பெயர் கொடுத்திருந்தார்கள். நான் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அவளும் நினைத்தாள், அவனும் நினைத்தான். கோவாவில், ஆற்றில் நிற்கிற இந்தச் சூதாட்டக் கப்பலுக்குத் தனித்தனியாக வந்து சேர்ந்தார்கள். மற்றவர்கள் எல்லாம் தோற்று எழுந்து போக, கடைசி மேஜையில் எதிரெதிரே உட்கார வேண்டியதாகிவிட்டது. விதிக்கு வேறு வேலை இல்லை.

சம்பத்துக்குப் பொறுமை கிடையாது. சீட்டு விழுந்த கையோடு தூக்கிப் பார்த்துவிடுவான். நல்ல சீட்டென்றால் நிமிர்ந்து உட்கார்ந்து தண்ணீர் குடிப்பான். ஒன்றும் தேறாதென்றால் கைக்கடிகார வாரைத் திருகுவான். காலையிலிருந்து அதைப் பார்த்துப் பார்த்தே அவள் அவனைக் கரைத்துவிட்டாள். அவன் முன்னால் அடுக்கடுக்காக இருந்த சில்லுகள் இப்போது ஒரு கைப்பிடிதான்.

இந்தத் தடவை அவன் தண்ணீரைத் தொடவில்லை. வாரையும் தொடவில்லை.

சீட்டையே தொடவில்லை.

அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் முறை வந்தது. அப்போதும் கண்ணை எடுக்கவில்லை. மிச்சமிருந்த சில்லுகள் அத்தனையையும் இரண்டு கையாலும் நடுவே தள்ளினான்.

“ஆல் இன்.”

சீட்டுப் போடும் டீலர் பெண் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கையில் என்ன இருக்கிறதென்றே தெரியாமல் எல்லாவற்றையும் வைக்கிற ஆளை அவள் பார்த்திருக்க மாட்டாள்.

“ஊட்ல ஒருக்காவது எம் மூஞ்சிய இப்படிப் பாத்திருக்கலாம்” என்றான்.

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. சும்மா சொன்னான். அதனால்தான் அவளுக்குச் சுருக்கென்றது.

ஆட்டத்தின் நடுவே ஆங்கிலம் தவிர வேறு எதுவும் பேசக் கூடாது என்று டீலர் எச்சரித்தாள். தொப்பிக்காரர் இருவரையும் முறைத்தார். ஏதோ சாடை காட்டுகிறான் என்று நினைத்திருப்பார்.

இனி அவள் முறை. சீட்டைப் பார்க்க வேண்டிய நேரமே இதுதான். நல்ல சீட்டாக இருந்தால் அவன் பந்தயத்தை ஏற்கலாம். ஜெயித்தால் அவன் எழுந்து கை குலுக்கிவிட்டுப் போவான். அப்புறம் திங்கட்கிழமை, வக்கீல்களுக்கு நடுவே ஒரு நிமிடம். அதோடு சரி.

அவளுக்குத் தன்னைப் பற்றித் தெரியும். நல்ல சீட்டைக் கண்டால் விடமாட்டாள். வீட்டிலும் விட்டதில்லை. எந்தச் சண்டையிலும் கடைசி வார்த்தை அவளுடையதுதான். அவன் கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகுகூட, மூடிய கதவைப் பார்த்து ஒன்று சொல்லிவிட்டுத்தான் ஓய்வாள்.

சீட்டைப் பார்க்கத் தலை குனிய வேண்டும். அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்க வேண்டும்.

அவன் இடது புருவத்தில் நரை விழுந்திருந்தது.

இது எப்போது?

தொப்பிக்காரர் பொறுமை இழந்து அவளுக்குக் கெடு வைக்கச் சொன்னார். மேற்பார்வையாளர் வந்து அரை நிமிடம் கொடுத்தார். அதற்குள் முடிவு சொல்லாவிட்டால் அவள் சீட்டு செல்லாது. கடைசி நொடிகளை அவர் சத்தமாகவே எண்ணத் தொடங்கினார்.

எண்ணட்டும்.

இவன் எழுந்து போகக் கூடாது. அவளுக்கு அவ்வளவுதான் தோன்றியது. ஏன், எதற்கு என்றெல்லாம் யோசிக்க அரை நிமிடம் பத்தாது.

எண்ணி முடிந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை.

டீலர் அவள் சீட்டை இழுத்துக்கொண்டு, நடுவில் கிடந்ததையெல்லாம் சம்பத் பக்கம் தள்ளினாள். சம்பத் தன் சீட்டைத் திருப்பிப் பார்க்காமலே கொடுத்துவிட்டான். யாரிடம் என்ன இருந்ததென்று இனி யாருக்கும் தெரியாது.

இடைவேளை அறிவித்தார்கள். தொப்பிக்காரர் சிகரெட்டை எடுத்துக்கொண்டு மேல்தளத்துக்குப் போனார். தாடிக்காரர் கைபேசியில் யாரிடமோ கத்திக்கொண்டே போனார். டீலரும் எழுந்துவிட்டாள்.

மேஜை காலியாகிவிட்டது. இவர்கள் இருவரும் எழுந்திருக்கவில்லை.

“சாப்டீங்ளா?” என்றாள்.

கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுகிற ஆள் அவன். இப்போது நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தான்.

“இல்ல” என்றான். “நீ?”