நம்பர் போட்ட மரம்

ராக்கம்மாளைக் கையும் அரிவாளுமாகப் பிடித்துவிட்டார்கள்.

நாற்பத்தேழாம் நம்பர் மரத்தைச் சுரண்டப் போன நேரம். பிடித்தவர் எங்கள் ஊர் வனக்குழுத் தலைவர் ஈஸ்வரபாண்டி.

"விறகு விக்கிறவ புத்தி எங்க போகும்? பெயிண்ட்ல போட்ட நம்பரைத் தினமும் எவன் சுரண்டுறான்னு பார்த்தா, நீதானா?"

ராக்கம்மாள் அரிவாளை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். மறைத்து என்ன செய்ய, சேலையெல்லாம் வெள்ளைத் தூள்.

கூட்டம் கூடிவிட்டது. காட்டை அழிக்க வந்தவள் என்றார்கள். அவள் விற்ற விறகில் காப்பி போட்டுக் குடித்துவிட்டு வந்தவர்களும் சொன்னார்கள்.

கடமலைக்குண்டிலிருந்து வனத்துறை ஜீப் வந்தது. இறங்கியது ரிஸ்வானா மேடம், கம்பத்துப் பெண். நம்பர் போட்டது அவள் ஆட்கள்தான்.

"அக்கா, ஊரு உலகம் விடுற புகையை இந்த மரமெல்லாம் எம்புட்டு இழுத்து வச்சிருக்குன்னு அளக்குறோம். அடுத்த மாசம் கோபன்ஹேகன்ல எல்லா நாட்டுக்காரங்களும் இதைத்தான் பேசப்போறாக. காட்டைக் காக்குற ஊருக்கு உதவி வந்தாலும் வரும். நம்பர் அழிஞ்சா எங்க ஆபீசர் வேற ஊரைப் பார்த்துப் போயிருவாக."

"கேட்டியா?" என்றார் ஈஸ்வரபாண்டி. "ஊருக்கே வேட்டு வைக்கிறியே."

ராக்கம்மாள் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"தலைவரே, போன வருசம் ரோட்டை அகலமாக்கணும்னு புளியமரத்துக்கெல்லாம் நம்பர் போட்டாகளே?"

"போட்டாக. அதுக்கென்ன?"

"அந்த மரமெல்லாம் இப்ப எங்க?"

பஸ்சுக்கு வெயிலில் நிற்கிற எல்லாருக்கும் பதில் தெரியும்.

"நம்பர் போட்டா வெட்டுவாக. எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான். இந்த மரம் போனா கீழ ஊத்து வத்திரும். அப்புறம் குடிக்கத் தண்ணிக்கு எங்க போவேன்? நான் பொறுக்குறது காஞ்ச சுள்ளி. பச்சை மரத்துல கை வச்சதைப் பார்த்தவுக இருந்தா சொல்லுங்க."



ரிஸ்வானா சிரித்துவிட்டாள். "அக்கா, இது வெட்டப் போட்ட நம்பர் இல்ல. வெட்டக் கூடாதுன்னு போட்ட நம்பர்."

"நெசமாவா தாயி?"

"நெசமா."

"அப்ப தெக்குச் சரிவு மரத்துக்கு ஏன் போடல?"

ரிஸ்வானா தலைவரைப் பார்த்தாள். "அங்கன மரமே இல்ல, வெறும் முள்ளுன்னு நீங்கதானே சொன்னீக?"

தெற்குச் சரிவின் அடியில் ஈஸ்வரபாண்டியின் செங்கல் சூளை. சூளைக்கு விறகு வேண்டும். இதை நான் விளக்க வேண்டியதில்லை.

"எனக்குக் கொஞ்சம் ஜோலி கிடக்கு" என்று துண்டை உதறிவிட்டுத் தலைவர் இறங்கிப் போனார்.

மறுவாரம் ரிஸ்வானா தெற்குச் சரிவை அளக்கப் போனாள். போனால், அவளுக்கு முன்னாலேயே மரத்துக்கு மரம் பளிச்சென்று சுண்ணாம்பில் நம்பர். சூளைக்கு வெட்ட வந்த ஆட்கள், "கவர்மெண்டு நம்பர், நமக்கெதுக்கு வம்பு" என்று கோடாலியோடு திரும்பிப் போய்விட்டார்களாம்.

கடைசி மரத்தடியில் ராக்கம்மாள், முழங்கை வரை சுண்ணாம்போடு நின்றாள்.

அவள் பள்ளிக்கூடம் போனதில்லை. சுரண்டாமல் விட்ட ஒரு நம்பரைத்தான் பார்த்துப் பார்த்து வரைந்திருந்தாள்.

தெற்குச் சரிவில் அத்தனை மரமும் நாற்பத்தேழு.